பகைமுதற் காதல்: அண்மைக்கால ஆங்கிலக் காதல் நாவல்களில் குற்றச்சாட்டும் மறுமொழியும்

முன்னுரை

பகைவராய் அறிமுகமாகும் இருவர் காதலராய் இணையும் கதை ஆங்கிலப் புனைகதைக்குப் புதியதன்று. எனினும் அது தனிப்பெயரும் தனி வாசகர் வட்டமும் பெற்று, அப்பெயரைச் சொல்லியே விற்கப்படும் ஒரு வகையாக வளர்ந்திருப்பது அண்மைக்கால நிகழ்வாகும். சாலி தோர்ன் எழுதிய 'தி ஹேட்டிங் கேம்' (2016) பெற்ற வரவேற்பும், 2020ஆம் ஆண்டிற்குப் பின் டிக்டாக் செயலியில் நூல்களைப் பற்றிப் பேசுவோர் பெருகியமையும் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றன. 'ஹாரி பாட்டர்' கதைமாந்தரான டிராக்கோவையும் ஹெர்மயனியையும் இணைத்து எழுதப்பட்ட ரசிகர் புனைவுகளால் அறியப்பட்ட எழுத்தாளர் மூவரின் நாவல்கள், 2025ஆம் ஆண்டில் பெரிய பதிப்பகங்களின் வாயிலாக அச்சேறின. இவ்வகைக்கு எத்தகைய சந்தை உள்ளது என்பதை இது ஒன்றே காட்டும்.

நம் மாணவியர் பலர் இந்நாவல்களை விரும்பிப் படிக்கின்றனர். தமிழில் எழுதப்படும் திறனாய்வோ இவற்றைப் பொழுதுபோக்கு எழுத்து என்று ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்குவது எளிது, ஆனால் ஒதுக்கப்படும் நூல்களுள் நல்லது எது, நலிந்தது எது என்று பிரித்துக் காட்டும் பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை. இவ்வகை நாவல்களை ஒரு வாசகர் என்ற முறையில் மதிப்பிட முற்படும் இக்கட்டுரை, ஒரே ஒரு வினாவை அளவுகோலாகக் கொள்கிறது. பகை காதலாக மாறும்போது, பகைக்குக் காரணமாயிருந்த குற்றச்சாட்டு என்னவாகிறது? அது மறுமொழி பெறுகிறதா, அல்லது காதலின் பெயரால் அழிக்கப்படுகிறதா?

பெயரும் வரையறையும்

இவ்வகைக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. இக்கட்டுரையில் இது 'பகைமுதற் காதல்' என்று சுட்டப்பெறுகிறது. ஊடல் என்னும் சொல்லை இங்கு ஆள்வது பொருந்தாது. அக மரபில் ஊடல் மருதத்தின் உரிப்பொருள். அது கூடிய பின் தோன்றுவது. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களாகப் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியன அமைந்திருப்பதும் இம்முறைமையைக் காட்டும். ஊடுபவளும் ஊடல் தீர்ப்பவனும் தம்மிடையே காதல் உண்டென்பதை அறிவர். அந்த அறிவின் மேல்தான் சினம் எழுகிறது. பகைமுதற் காதலில் அத்தகைய அறிவு இல்லை. சினம் முதலில் வருகிறது. அது மெய்யான சினமாகவும் இருக்கிறது. ஆகவே அது தீர்வதற்கு ஊடல் தீர்வதைக் காட்டிலும் வலிய காரணம் வேண்டும்.

காதல் நாவலின் அமைப்பை ஆராய்ந்த பமிலா ரீஜிஸ் தம் நூலில் (2003) அவ்வகைக்கு எட்டு அடிப்படைக் கூறுகளை வகுத்துள்ளார். அவற்றுள் ஒன்று தடை, அதாவது காதலர் இணைவதற்கு இடையூறாக நிற்பது. பெற்றோரின் மறுப்பு, வறுமை, பிரிவு எனத் தடை புறத்தே அமையலாம். அச்சம், ஐயம் என அகத்தேயும் அமையலாம். பகைமுதற் காதலில் தடையும் காதலனும் ஒருவரே. இவ்வகையின் கவர்ச்சியும் இடரும் இங்கேதான் பிறக்கின்றன. தடையை நீக்குவதென்றால் காதலன் மாற வேண்டும். அல்லது அவனைப் பற்றிய தலைவியின் கருத்து மாற வேண்டும். இவ்விரண்டனுள் எதை ஒரு நாவலாசிரியர் தேர்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

ஆஸ்டின் வகுத்த அளவுகோல்

இவ்வகை நாவல்களைப் பற்றிய பேச்சில் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) முன்னோடியாகக் காட்டப்படுவது வழக்கம். அந்நாவல் பகையை எவ்வாறு தீர்க்கிறது என்பதை நுணுகி நோக்கினால், பின்வந்தோர் அதிலிருந்து எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும் விளங்கும்.

மொத்தம் 61 இயல்கள் கொண்ட நாவலில் 34ஆம் இயலில் டார்சி எலிசபெத்திடம் முதன்முறையாகத் திருமண விருப்பத்தைத் தெரிவிக்கிறான். அவள் மறுக்கிறாள். மறுப்பில் மூன்று குற்றச்சாட்டுகள் அடங்கியுள்ளன. அவள் தமக்கை ஜேனையும் பிங்லியையும் அவன் பிரித்தான் என்பது ஒன்று. விக்கம் என்பவனுக்கு அநீதி இழைத்தான் என்பது மற்றொன்று. அவனது நடத்தை செருக்கு மிக்கது, பிறர் உணர்வை மதியாதது என்பது மூன்றாவது.

மறுநாள் அவன் தரும் கடிதமும், அதன் பின் நிகழ்வனவும் இம்மூன்றுக்கும் தனித்தனியே விடை பகர்கின்றன. விக்கம் பற்றிய குற்றச்சாட்டு பொய்யென்று தெரியவருகிறது. எலிசபெத் தன் தவற்றை உணர்ந்து நாணுகிறாள். ஜேனைப் பிரித்த குற்றச்சாட்டு உண்மை. டார்சி அதை மறுக்கவில்லை. தன் காரணத்தைக் கூறுகிறான். பின்னர்த் தன் பிழையைப் பிங்லியிடமே ஒப்புக்கொண்டு அதைச் சரிசெய்கிறான். நடத்தை பற்றிய குற்றச்சாட்டும் உண்மையே. அதற்குரிய விடை கடிதத்தில் இல்லை. அவன் மாறிய நடத்தையில்தான் இருக்கிறது. எலிசபெத்தின் கண்டனம் தன்னைத் திருத்தியது என்று அவனே பின்னர் ஒப்புக்கொள்கிறான்.

மூன்றில் ஒன்று பொய், இரண்டு மெய் என்னும் இக்கணக்கு முக்கியமானது. எலிசபெத் பிழைபட்ட இடத்தில் மட்டுமே திருத்தப்படுகிறாள். அவள் சரியாகக் கண்ட இடத்தில் டார்சி திருந்துகிறான். மெரிட்டன் நடன அரங்கில் அவளோடு ஆட மறுத்து அவன் உதிர்த்த சொல் அவமதிப்பாகவே எஞ்சுகிறது. அச்சொல்லைச் சொன்னபோதே அவன் உள்ளூரக் காதல் கொண்டிருந்தான் என்று ஆஸ்டின் எங்கும் கூறவில்லை. அவன் காதல் பின்னர் வளர்ந்தது. முன்னர் நிகழ்ந்த அவமதிப்பை அது அழிப்பதில்லை. தான் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் வைத்துக்கொள்ளும் உரிமை தலைவிக்கு இறுதிவரை உள்ளது. இதனையே இக்கட்டுரை தலைவியின் சாட்சியம் என்று குறிக்கிறது.

'முன்பே காதலித்தான்' எனும் உத்தி

'தி ஹேட்டிங் கேம்' நாவலின் களம் இரண்டு பதிப்பகங்கள் இணைந்து உருவான ஒரு நிறுவனம். இரு தலைமை அதிகாரிகளின் உதவியாளர்களான லூசி ஹட்டனும் ஜோஷுவா டெம்பிள்மேனும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்து பணிபுரிகின்றனர். ஒருவரையொருவர் உற்றுநோக்குவது, ஒருவர் செய்வதை மற்றவர் செய்து காட்டுவது, மனிதவளப் பிரிவில் முறையிடுவது எனத் தமக்குள் விளையாட்டுகளை வகுத்துக்கொண்டு மோதுகின்றனர். ஓர் உயர்பதவிக்கு இருவரும் போட்டியிடுகின்றனர். உரையாடல் கூர்மையானது; நகைச்சுவை மெய்யானது; அலுவலக வாழ்வின் சலிப்பும் சிறுமையும் நன்கு பதிவாகியுள்ளன. இந்நாவலை ஒரே மூச்சில் படித்து முடிப்போர் பலராயிருப்பதில் வியப்பில்லை.

எனினும் பகை தீரும் முறையில் இந்நாவல் வலுவிழக்கிறது. முதல் நாள் லூசி புன்னகைத்தபோது ஜோஷுவா பதிலுக்குப் புன்னகைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த நாளிலிருந்தே அவன் அவளை விரும்பினான் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அவள் அன்றாடம் உடுத்தும் உடையைத் தன் நாட்குறிப்பில் குறித்துவந்துள்ளான். தன் படுக்கையறைச் சுவருக்கு அவள் கண்களின் நிறத்தைப் பூசியுள்ளான். இவ்வெளிப்பாடுகள் வாசகருக்குப் பெரும் இன்பம் அளிக்கின்றன. ஆனால் அவை லூசிக்குச் செய்வது என்ன? அவள் அவமதிப்பாக உணர்ந்த ஒவ்வொரு நாளும் உண்மையில் அவமதிப்பு நிகழவில்லை, அவள்தான் பிழையாகப் படித்தாள் என்று ஆகிவிடுகிறது. எலிசபெத்தின் மூன்று குற்றச்சாட்டுகளுள் ஒன்றே பொய்யானது. லூசியின் குற்றச்சாட்டுகளோ ஏறத்தாழ அனைத்தும் ஒரே அடியில் பொய்யாகின்றன. ஜோஷுவா மறுமொழி சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அவன் வேறொரு நிறுவனத்திற்குச் செல்ல முடிவெடுப்பதால் பதவிப் போட்டியும் விட்டுக்கொடுப்பால் முடிகிறது. அவள் தன் தகுதியால் வென்றிருப்பாளா என்பதை அறியும் வாய்ப்பு வாசகருக்குக் கிடைப்பதில்லை.

இவ்வுத்தி புதியதன்று. ஹார்லெக்வின் நாவல்களை ஆராய்ந்த டானியா மோட்லெஸ்கி 1982இலேயே இதன் உட்கூறு ஒன்றைச் சுட்டினார். தலைவனின் கடுமை காதலின் மறைவடிவம் என்பதை வாய்பாட்டுக்குப் பழகிய வாசகர் அறிவார், தலைவி அறியாள். எனவே வாசகர் தலைவியைக் காட்டிலும் அறிந்தவராய் மேலே நின்று கதையைப் படிக்கிறார். அன்று இந்த அறிவு பல நூல்களைப் படித்த பழக்கத்தால் வந்தது. இன்று அது நூலைத் திறக்குமுன்பே கையில் தரப்படுகிறது. 'பகைவர் காதலராவர்' என்ற அறிவிப்போடு வாங்கப்படும் நாவலில் தலைவன் சொல்லும் முதற் கடுஞ்சொல்லையே வாசகர் காதற்குறியாகப் படிக்கத் தொடங்குகிறார். தன்மைக் கூற்றில் கதை சொல்லும் தலைவி தான் புண்பட்டதாகக் கூறும்போது, அவள் கூற்றை நம்பாத முதல் ஆள் வாசகர்தான். வகைப்பெயர் செய்யும் இவ்வேலையை நாவலாசிரியர் எதிர்கொண்டு முறியடிக்க வேண்டும். 'தி ஹேட்டிங் கேம்' அதனோடு இணங்கிப் போய்விடுகிறது.

சாட்சியம் மறுக்கப்படும் இடம்

இதே சிக்கலை வேறு விதமாகக் கையாளும் நாவல் 'தி அன்ஹனிமூனர்ஸ்' (2019). கிறிஸ்டினா லாரன் என்பது கிறிஸ்டினா ஹாப்ஸ், லாரன் பில்லிங்ஸ் ஆகிய இருவர் இணைந்து எழுதும் புனைபெயர். திருமண விருந்தில் பரிமாறப்பட்ட கடலுணவு நஞ்சாகி, மணமக்களும் விருந்தினரும் நோயுறுகின்றனர். கடலுணவு ஒவ்வாத ஆலிவும், மணமகனின் அண்ணன் ஈத்தனும் மட்டும் தப்புகின்றனர். ஒருவரையொருவர் வெறுக்கும் இவ்விருவரும், வீணாகவிருந்த தேனிலவுப் பயணத்தை மணமக்களுக்குப் பதிலாக மேற்கொண்டு ஹவாயின் மாவி தீவுக்குச் செல்கின்றனர்.

தொடக்கப் பகை இங்கும் தவறான புரிதலே. மின்னசோட்டா மாநிலக் கண்காட்சியில் ஆலிவ் உணவு உண்ணும்போது ஈத்தன் பார்த்த பார்வையை அவள் இகழ்ச்சியாகக் கொள்கிறாள். அது இகழ்ச்சியன்று என்று பின்னர் அறிகிறாள். இதுவரை வாய்பாடு மாறவில்லை. ஆயின் இருவரும் காதலரான பின்னரே நாவலின் மெய்யான பகை தோன்றுகிறது. ஆலிவின் இரட்டைச் சகோதரி அமியை மணந்த டேன், ஆலிவிடம் முறைதவறி நடந்துகொள்ள முனைகிறான். அவள் ஈத்தனிடம் இதைக் கூறுகிறாள். அவன் நம்ப மறுத்துத் தன் தம்பியின் பக்கம் நிற்கிறான்.

முதற்பகுதியில் ஆலிவ் ஒரு பார்வையைப் பிழையாகப் படித்தவள். அதனாலேயே இரண்டாம் முறையும் அவள் பிழையாகப் படித்திருக்கலாம் என்று ஈத்தனால் எண்ண முடிகிறது. 'நீ தவறாகப் புரிந்துகொண்டாய்' என்னும் வாய்பாட்டுத் தொடர், காதலின் கருவியாயிருந்த நிலையிலிருந்து அநீதியின் கருவியாக மாறுவதை இந்நாவல் நேருக்கு நேர் காட்டுகிறது. ஆசிரியர் இருவரும் இதை முழுதும் திட்டமிட்டுச் செய்தனரா என்பது வேறு; நாவல் அதைச் செய்கிறது. இவ்வகை எழுத்தில் மிக நேர்மையான பகுதிகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

ஆனால் தீர்வு அந்த அளவிற்கு உயரவில்லை. உண்மையை அமி கண்டறிந்து வெளிப்படுத்துகிறாள். ஈத்தன் மன்னிப்புக் கேட்கிறான். ஆதாரம் கிடைத்த பின் நம்புவது எவர்க்கும் இயலும். இவ்விடத்தில் 1600இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபவுட் நத்திங்' நாடகத்தை நினைவுகூர்வது பொருந்தும். சொற்போர் புரியும் பியாட்ரிஸும் பெனடிக்கும் இவ்வகைக் காதலரின் மூத்தோர். பியாட்ரிஸின் உறவினளான ஹீரோ மீது பொய்ப்பழி சுமத்தப்படுகிறது. ஹீரோ குற்றமற்றவள் என்று பியாட்ரிஸ் உறுதியாக நம்புகிறாள் என்பதைக் கேட்டறிந்த பெனடிக், வேறு ஆதாரம் எதுவும் கிடைக்கும் முன்பே தன் நண்பன் கிளாடியோவைப் போருக்கு அழைக்கிறான். சொற்போர் காதலாக முதிர்ந்ததற்கு அதுவே சான்று. ஈத்தனுக்கு அத்தகைய வாய்ப்பு வாய்த்தது. அவன் அதைத் தவறவிட்டான். அத்தவறு எவ்வளவு பெரிது என்பதை நாவலின் மகிழ்ச்சியான முடிவு சற்று விரைவாகவே மறந்துவிடுகிறது.

உழைப்பால் தீரும் பகை

எமிலி ஹென்றியின் 'பீச் ரீட்' (2020) பகையைக் கருத்து வேறுபாடாக அமைக்கிறது. ஜனவரி ஆண்ட்ரூஸ் காதல் நாவல் எழுதுபவள். அகஸ்டஸ் எவரெட் இலக்கிய நாவலாசிரியன் என்று மதிக்கப்படுபவன். கல்லூரிக் காலத்தில் ஒரே எழுத்துப் பயிற்சி வகுப்பில் இருந்தவர்கள். இன்பமுடிவின் மீது தனக்குள்ள பற்றை அவன் அன்று எள்ளினான் என்பது ஜனவரியின் மனக்குறை. மிச்சிகன் ஏரிக்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ நேர்ந்தபோது, இருவரும் ஓர் உடன்பாடு செய்கின்றனர். அவன் இன்பமுடிவுடைய நாவல் எழுத வேண்டும். அவள் கனத்த இலக்கிய நாவல் எழுத வேண்டும்.

இந்நாவலிலும் அவன் முன்பே அவளை வியந்திருந்தான் என்ற வெளிப்பாடு உண்டு. ஆனால் நாவல் அதன்மேல் மட்டும் சாய்ந்து நிற்கவில்லை. ஒருவர் தொழிலை மற்றவர் கற்பதற்காக இருவரும் உழைக்கின்றனர். ஒரு சமயக் குழுவிலிருந்து தப்பியவர்களைச் செவ்வி காணும் பணிக்கு அவன் அவளை அழைத்துச் செல்கிறான். காதற்கதைகளில் வரும் களியாட்டங்களுக்கு அவள் அவனை அழைத்துச் செல்கிறாள். தந்தையின் மறைவுக்குப் பின் அவருடைய கள்ள உறவை அறிந்து இன்பமுடிவில் நம்பிக்கை இழந்த நிலையில் ஜனவரி இருக்கிறாள் என்பதும் கவனிக்கத்தக்கது. அவள் தன் வாதத்தை ஐயுறும் நேரத்தில் அவன் அதன் மதிப்பை அறியத் தொடங்குகிறான். இன்பமுடிவை நம்புவது பேதைமையா என்ற குற்றச்சாட்டுக்கு நாவல் முழுவதுமே மறுமொழியாக அமைகிறது. டார்சியின் திருந்திய நடத்தைக்கு இணையாக இக்காலத்தில் வைக்கத்தக்கது, எழுத்து மேசையில் செலவிடப்படும் இந்தக் கோடைகால உழைப்பு எனலாம்.

அதிகாரமும் பகையும்

மேற்கண்ட நாவல்களில் பகைவர் ஏறத்தாழ நிகரானவர். ஒருவர் கையில் அதிகாரமும் மற்றவர் உடலில் காயமும் இருக்கும்போது சிக்கல் கடுமையாகிறது. இதன் வேர் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமிலா' (1740) வரை செல்கிறது. பணிப்பெண்ணைக் கெடுக்க முயன்று, அவளை அடைத்தும் வைத்த எஜமானன், அவள் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் படித்து மனம் மாறி அவளை மணக்கிறான். அவள் சாட்சியத்தைப் படித்ததனால் மாறினான் என்பது இந்நாவலின் சிறப்பு. குற்றவாளியே பரிசாக வழங்கப்படுகிறான் என்பது அதன் குறை. ஹென்றி பீல்டிங் மறு ஆண்டே 'ஷமிலா' (1741) எழுதி இதனை எள்ளி நகையாடினார்.

ஹோலி பிளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) இளையோருக்கான மாய உலக நாவல். ஜூட் என்னும் மானுடப் பெண், தன் பெற்றோரைத் தன் கண்முன்னே கொன்ற மேடாக் என்பவனால் மாயவர் நாட்டில் வளர்க்கப்படுகிறாள். அரசிளங்குமரன் கார்டன் அவளைக் கொடுமைப்படுத்துகிறான். பின்னர் இரண்டு செய்திகள் வெளிப்படுகின்றன. ஒரு தாளில் அவள் பெயரை மீண்டும் மீண்டும் எழுதி வைத்துள்ளான். தன் தமையனிடம் அவனும் கொடுமை அனுபவித்தவன். வழக்கமான நாவல் ஒன்று இவ்விடத்தில் பகையை முடித்திருக்கும். பிளாக் முடிக்கவில்லை. கார்டனின் துன்பம் அவன் கொடுமைக்கு விளக்கமாகிறது, விலக்காகவில்லை. ஜூட் அவனை மன்னிப்பதற்கு மாறாக, ஓராண்டும் ஒரு நாளும் தன் ஆணைக்குக் கட்டுப்படுவதாக அவனிடம் வாக்குறுதி பெற்று, சூழ்ச்சியால் அவனை அரியணையில் அமர்த்துகிறாள். அதிகாரம் கைமாறிய பின்னரே காதல் பேசப்படுகிறது. ஆணையிடும் அதிகாரம் ஜூட்டையும் கெடுக்கக்கூடும் என்பதை 2019இல் வந்த தொடர் நூல்கள் மறைக்கவில்லை. கொடுமைக் காட்சிகள் மிகுந்த இந்நாவலைப் பெற்றோர் சிலர் அஞ்சக்கூடும். ஆனால் நயமான அலுவலக நாவலைக் காட்டிலும் இது குற்றச்சாட்டை மதிக்கிறது.

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) இதற்கு மாறானது. வயலட்டின் தாய் படைத்தலைவி. கிளர்ச்சித் தலைவனான ஸேடனின் தந்தை கொல்லப்பட்டதில் அவளுக்குப் பங்குண்டு. தலைமுறைவழி வந்த இப்பகை அரசியற் பொருள் மிக்கது. ஆனால் இருவரின் பறவைநாகங்களும் இணைகளாதலால், ஒருவர் இறந்தால் மற்றவரும் இறக்க நேரிடும் என்ற கட்டு விதிக்கப்படுகிறது. பகைவர் ஒருவரையொருவர் காக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. விறுவிறுப்புக்கு இது உதவுகிறது, தேர்வுக்கு இடமளிப்பதில்லை. தந்தையைக் கொன்றவளின் மகளை மன்னிப்பதா என்று ஸேடன் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் பறவைநாகங்கள் முடிவெடுத்துவிடுகின்றன. கொலைக்குரிய வழக்கு கேட்கப்படாமலே ஒத்திவைக்கப்படுகிறது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

கற்பனையை அறநூலாகக் கொண்டு அளக்கலாமா என்று இங்கு வினவலாம். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் தி ரொமான்ஸ்' என்னும் நூல் இவ்வினாவுக்குத் துணைசெய்கிறது. அமெரிக்காவின் ஒரு நகரில் காதல் நாவல் படிக்கும் பெண்களிடம் நேரில் ஆய்வு நடத்திய அவர், அப்பெண்கள் மயங்கிப் படிப்பவர் அல்லர் என்று கண்டார். தலைவனின் கொடுமை அளவு கடந்த நாவல்களை அவர்கள் தாமே தள்ளிவைத்தனர். அதே வேளையில், ஆணின் கடுமையை மறைந்த அன்பாக மறுவாசிப்புச் செய்யும் பழக்கத்தை இந்நாவல்கள் வளர்க்கின்றன என்ற கவலையையும் ராட்வே பதிவுசெய்தார்.

வாசகியர் ஏமாளிகள் என்று இக்கட்டுரை கூறவில்லை. கொடியவனை மணந்துகொள்ள எவரும் நாவலிலிருந்து கற்பதாகவும் வாதிடவில்லை. இங்கு முன்வைக்கப்படுவது கலை பற்றிய தீர்ப்பே. குற்றச்சாட்டு அழிக்கப்படும் நாவலில் இன்பமுடிவு எடையற்றுப் போகிறது. ஏனெனில் கடக்கப்பட்டது எதுவுமில்லை. குற்றச்சாட்டு விடைபெறும் நாவலில் அதே இன்பமுடிவு வென்றெடுத்ததாக நிற்கிறது. எலிசபெத்தின் திருமணம் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நிறைவளிப்பதற்கும், அண்மை நாவல்கள் பலவற்றின் இறுதி இயல்கள் படித்த வேகத்தில் மறந்துபோவதற்கும் இதுவே காரணம். அறக்குறையாகத் தோன்றுவது முதலில் கட்டுமானக் குறையாகவே இருக்கிறது.

முடிவுரை

பகைமுதற் காதல் நாவல்களை மதிப்பிட மூன்று வினாக்கள் போதுமானவை என்பது இவ்வாய்வின் முடிபு. பகைக்கு மெய்யான காரணம் இருந்ததா? அக்காரணத்திற்கு மறுமொழி சொன்னவர் யார்? காதல் பிறந்திராவிடினும் அந்த மறுமொழி நியாயமாக இருந்திருக்குமா? மூன்றாம் வினாவே கடினமானது. டார்சி ஜேனுக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்தது, எலிசபெத் அவனை மணக்காவிட்டாலும் நியாயமே. அகஸ்டஸ் காதற்கதையின் மதிப்பை உணர்ந்ததும் அவ்வாறே. ஜோஷுவாவின் நாட்குறிப்பை இவ்வளவுகோலால் அளக்க இயலாது. அவன் காதலை நீக்கிவிட்டால் அங்கே எஞ்சுவது ஒரு பணிப்பெண்ணின் உடையை அன்றாடம் கணக்கெடுத்த உடன்பணியாளன் மட்டுமே.

இவ்வகை நாவல்கள் இனியும் எழுதப்படும். நம் மாணவியர் இனியும் படிப்பர். அவர்களிடம் இவற்றைப் படிக்காதீர் என்று சொல்வதால் விளையும் பயன் சிறிது. தலைவி புண்பட்டேன் என்று சொல்லும்போது நாவல் அவளை நம்புகிறதா என்று பார்த்துப் படியுங்கள் என்று சொல்லலாம். அவளை நம்பும் நாவலே, அவள் பின்னர் மகிழ்ந்தேன் என்று சொல்லும்போதும் நம் நம்பிக்கையைப் பெறத் தகுதியுடையது.